கேரவன் டென்ட் தையல்: தென்மேற்குக் காற்றுக்கு முன்னும் பின்னும்

காற்றிலும் மழையிலும் கேரவனுக்கு என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேரவன் என்பது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற சக்கர வீடு, அதற்கு லேசில் ஒன்றும் ஆகாது. முதலில் போவது அதன் பக்கத்தில் கட்டுகிற துணி டென்ட்தான். டென்ட் போனால் சமையல் போச்சு, நாற்காலி போச்சு, ஈரச் செருப்பு வைக்கிற இடமும் போச்சு. கட்டிலும் மேசையும் போக மிச்சமிருக்கிற சந்தில் ரிட்டயர் ஆன இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் தையல் பேச்சுதான் இருக்கும். அதை இழுக்கிற பக்கியின் (பிக்கப் வண்டி) இஞ்சின், டீசல் கணக்கு எல்லாம் வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்கள். இவர் ஃபிட்டர் வேலை பார்த்தவர். நான் முப்பது வருஷத்துக்கு மேல் டர்பன் துணி ஃபாக்டரிகளில் மெஷின் மிதித்தவள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஓவர்ஆல், கடைசிக் காலத்தில் ரெயின்கோட். கேரவன் பழசு, கை மாறி வந்தது. இவருடைய பழைய கோட் 08 லைசென்ஸ் இப்போது ஈபி (டிரெய்லர் மாட்டி ஓட்டுகிற வகை) என்று இருப்பதால் இழுத்துப் போக வேறு பரீட்சை தேவைப்படவில்லை. வெறும் கார் லைசென்ஸான பி மட்டும் இருந்தால் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை மாட்டக் கூடாது. வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் கார்டை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கேரவனோடு வந்த டென்ட்டை முற்றத்தில் விரித்தபோது துணி நன்றாகத்தான் இருந்தது. கட்டம் போட்ட ரிப்ஸ்டாப் கேன்வாஸ், பாலியெஸ்டரும் பஞ்சும் கலந்தது. கையில் கசக்கினால் இன்னும் உயிர் இருந்தது. ஆனால் கூரையும் சுவரும் சேருகிற தையலில் நகத்தை வைத்து நெம்பினேன், நூல் பொடியாக உதிர்ந்தது. பக்கத்தில் அரையடி தள்ளி நெம்பினால் அங்கேயும் அதே கதை. வெயில் தின்றுவிட்ட நூல். ரெயின்கோட் லைனில் இருந்தபோது எங்கள் சூப்பர்வைசர் தினமும் சொல்வதுதான்: துணி ஒழுகாது, தையல்தான் ஒழுகும். நல்ல துணியை வைத்துக்கொண்டு புது டென்ட் வாங்க எனக்கு மனசு வரவில்லை. நீளத் தையல் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடிப்பது என்று முடிவானது.

பிரிப்பதுதான் பெரிய வேலை. பழைய நூல் ஒரு துண்டுகூடத் துணிக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் புது ஊசி அதில் மாட்டித் தையல் தாவும். மாலை நேரங்களில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ரிப்பரால் பிரித்தேன். இவர் சாமணம் வைத்து நூல் பொறுக்கினார்.

நூல் வாங்க ஊருக்குள் போனோம். தெருவுக்கு டாக்டர் யூசுஃப் தாதூ என்று பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆகிறது, எங்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான் வருகிறது. கேட்க வேண்டியது கோர்-ஸ்பன் நூல்: உள்ளே பாலியெஸ்டர், மேலே பஞ்சு சுற்றியது. இழுவையைப் பாலியெஸ்டர் தாங்கிக்கொள்ளும். மழை பட்டதும் மேலே இருக்கிற பஞ்சு ஊதி ஊசித் துளையை அடைத்துவிடும். முழுப் பாலியெஸ்டர் நூல் பலமானதுதான், ஆனால் நனைந்தால் ஊதாது. துளை துளையாகவே நிற்கும். நைலானை வெயில் சீக்கிரம் தின்றுவிடும். கடைக்காரர் மீன்பிடி நூல் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி, இதை யானையால்கூட அறுக்க முடியாது ஆன்ட்டி என்றார். யானை வந்தால் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத் தண்ணீர்தான் பிரச்சினை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊசி 18ஆம் நம்பர். தையல் நீளம் மூன்றரையிலிருந்து நாலு மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு ஆறு ஏழு தையல். நெருக்கமாக அடித்தால் பலம் என்று நினைப்பவர்கள் நிறைய. கேன்வாஸில் நேர் மாறு. நெருக்கி அடித்தால் ஸ்டாம்ப் ஓரம் மாதிரி துளை வரிசையாகி, காற்று இழுக்கும்போது அந்த வரிசையிலேயே கிழியும். என் வீட்டு மெஷின் சாதாரண மெஷின்தான், ஃபாக்டரி ஜுக்கி இல்லை. இரண்டு அடுக்குக்குச் சரியாகப் போகும். நாலு அடுக்கு சேருகிற மூலையில் மோட்டாரை நம்பாமல் கையால் சக்கரத்தைச் சுற்றினேன். அதற்கு முன்னால் அந்த மடிப்பை ஒரு பலகையில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினால் ஊசி தப்பும்.

தையல் ரகம் ஃபெல் சீம். இரண்டு துணியின் ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல மடித்து, மேலே இரண்டு வரிசை அடிப்பது. ஜீன்ஸ் காலில் உள்பக்கம் பார்த்தால் தெரியும். இதில் கவனிக்க வேண்டியது மடிப்பின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிகிற மாதிரி, வாய் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். மேல்பக்கம் பார்த்தால் வழிகிற தண்ணீர் முழுவதையும் அது வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். குண்டூசி குத்தவே கூடாது, ஒவ்வொரு குத்தும் ஒரு ஒழுகல். துணி காயப்போடுகிற கிளிப்பைப் போட்டுப் பிடித்தேன்.

கூரைத் துணி கனம். மெஷினுக்குப் பின்னால் தொங்கினால் தன் எடையிலேயே ஊசியை வளைக்கும். சாப்பாட்டு மேசையைப் பின்னால் போட்டு, மறுபக்கம் இவரை நிறுத்தினேன். ஃபிட்டர் கை சும்மா இருக்குமா, துணி வர வர அந்தப் பக்கம் இழுக்கிறது. டக் டக்கென்று இரண்டு ஊசி முறிந்தது.

“ஏங்க, இழுக்காதீங்க. தாங்குங்க போதும்.”

“நான் தாங்கத்தானம்மா செய்றேன்.”

“தாங்குற கை முன்னால வரணும். உங்க கை பின்னால போகுது.”

அப்புறம் இவர் ஒரு வேலை செய்தார். தச்சு வேலை ரோலர் ஸ்டாண்ட் ஒன்றை மேசை ஓரத்தில் வைத்து, துணி அதன் மேல் தானாகவே உருண்டு போகிற மாதிரி பண்ணினார். கூரையின் நீளத் தையல் ஒரே மூச்சில் முடிந்தது.

கயிறு கட்டுகிற ஐலெட் (உலோக வளையம் போட்ட துளை) இருக்கிற எல்லா இடத்திலும் உள்ளே இரண்டு மடிப்பு கேன்வாஸ் ஒட்டு, அதன் மேல் பட்டை நாடா. ஒட்டுத் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர் மூலை இருந்தால் கிழிசல் அங்கிருந்துதான் புறப்படும். கேரவனின் அலுமினிய ரெயிலில் நுழைகிற, டென்ட் ஓரத்துக் கேடர் கயிறு நன்றாக இருந்தது, அதைத் தொடவில்லை. ரெயிலில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், வழுக்கிக்கொண்டு போகும்.

தைத்து முடித்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. முற்றத்தில் டென்ட்டைக் கட்டி, ஹோஸால் முழுக்க நனைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடி நனைத்து, மறுபடி காயவிட வேண்டும். முதல் தடவை ஊசித் துளைகளில் முத்து முத்தாகத் துளிர்த்தது. அடுத்த தடவை குறைந்தது. அதற்கடுத்து நின்றுவிட்டது. நூலும் துணியும் ஊதி ஒன்றோடொன்று பழக வேண்டும், அவ்வளவுதான். மூன்று தையல் சந்திக்கிற மூலைகளில் மட்டும் தேன்மெழுகைத் தேய்த்து, முடி உலர்த்துகிற டிரையரால் சூடு காட்டி இறக்கினேன். சோப்பு மட்டும் பக்கத்தில் வரக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெண் பளிச்சென்று இருக்குமே என்று பவுடர் கொண்டுவந்தாள், நல்லவேளை கேட்டாள். சோப்பு, தண்ணீரை விலக்குகிற பூச்சைக் கரைத்துவிடும், அப்புறம் துணியே ஒழுகும்.

கேரவன் மேற்கூரை இவர் இலாகா. ஓரத்து அலுமினியப் பட்டையைக் கழற்றி, பழைய சிலிக்கானைச் சுரண்டி, பியூட்டைல் டேப் போட்டு, புது ஸ்டெயின்லெஸ் திருகு இறக்கி, விளிம்புக்கு சிக்காஃப்ளெக்ஸ் பசை இழுத்தார். சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது, சிலிக்கானே ஒட்டாது, அதனால் சுரண்டுவதில்தான் விஷயம் இருக்கிறது என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

ஆகஸ்டில் கிளம்பினோம். என்2 நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே. போர்ட் ஷெப்ஸ்டன் தாண்டி உள்நாட்டுக்குத் திரும்பி, காக்ஸ்டாட், அதற்கப்புறம் ப்ரூக்ஸ் நெக் ஏற்றம். அங்கே மூடுபனி, முன்னால் போகிற லாரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பழைய டிரான்ஸ்கெய் பகுதியில் ரோட்டில் மாடு ஆடு படுத்திருக்கும், இருட்டினால் வண்டி எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கனமான சாமானை எல்லாம் அச்சுக்கு மேலே தரையோடு வைத்தோம்: தண்ணீர்க் கேன், டின் சாமான், என் கல் ரொட்டிக்கட்டை. பின்னால் வைத்தால் வால் ஆடும். குறுக்குக் காற்றில் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் போகக் கூடாது. கெய் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது இவர் பேச்சே இல்லாமல் ஓட்டினார். நானும் பேசவில்லை.

ம்தாதா ஊர் வழியாகப் போகும்போது வெள்ளத்தின் தடம் தெரிந்தது. 2025 ஜூனில் அங்கே நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2022 ஏப்ரலில் எங்கள் டர்பனைச் சுற்றி நானூறு பேருக்கு மேல். இரண்டுக்கும் பின்னால் இருந்தது கட்-ஆஃப் லோ என்கிற மேல்வானக் குளிர்த் தாழ்வு. மேற்குக் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியாகிவிடும், தள்ளிக்கொண்டு போக ஆள் இருக்காது, அதனால் நின்ற இடத்திலேயே நின்று கொட்டும். சாதாரணக் குளிர்முகம் (குளிர்ந்த காற்று முன்னேறி வருகிற விளிம்பு) அப்படி இல்லை, அடித்துவிட்டுக் கிழக்கே போய்விடும். இது டென்ட் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வித்தியாசம் என்பது என் கருத்து. வானிலைச் சேவை மஞ்சள் லெவல் 2 என்று ஒரு குளிர்முகத்துக்குச் சொன்னால் கயிற்றை இறுக்கிக்கொண்டு இருக்கலாம். கட்-ஆஃப் லோ என்கிற பேச்சு காதில் விழுந்தால், அதைவிடக் கடுமையான ஆரஞ்சு எச்சரிக்கை வரும்வரை காத்திருக்காமல் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆறு ஓடை இல்லாத மேட்டில் போய் நிற்க வேண்டும்.

கெபேகாவில், அதுதான் பழைய போர்ட் எலிசபெத், மலபார் பகுதியில் இவர் சித்தப்பா மகன் வீடு. வாசலில் கேரவனைப் போட்டுவிட்டு இரண்டு ராத்திரி. ஸ்டார்ம்ஸ் ரிவர் மவுத் போகிறோம் என்றதும் அவர் சிரித்தார். “அண்ணி, அங்க கடல் மேலயே கொண்டுபோய் நிறுத்துவாங்க. உங்க தையல அங்கதான் பாக்கணும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. ட்ஸிட்ஸிகம்மா நேஷனல் பார்க்கில் இருக்கிற முகாம் அது. 1964லேயே கடலையும் சேர்த்துக் காப்பாக அறிவித்த இடம். பின்னால் காட்டு மலைச்சரிவு, முன்னால் கறுப்புப் பாறை, நடுவில் ஒரு புல்பட்டை. அந்தப் புல்லில்தான் கேரவன்கள். அலை பாறையில் மோதினால் தூறல் ஜன்னலுக்கு வரும். டாஸிகள் (முயல் அளவில் இருக்கிற பாறை விலங்குகள்) கூச்சமே இல்லாமல் வந்து ரொட்டி மூட்டையை மோந்து பார்க்கும்.

நிறுத்துவதற்கு முன் இவர் திசை பார்த்தார். இந்தக் கரையில் முதலில் உள்நாட்டிலிருந்து பெர்க் விண்ட் என்கிற வெப்பக் காற்று வரும், பின்னாலேயே தென்மேற்கு திரும்பும். அதனால் கேரவனின் மூக்கு தென்மேற்கே. நம் நாட்டுக் கேரவன்களுக்குக் கதவும் டென்ட்டும் இடப்பக்கம், அப்படி நிறுத்தினால் டென்ட் தென்கிழக்கே ஒதுங்கிவிடும். வடக்கிலிருந்து வந்தாலும் தென்மேற்கிலிருந்து வந்தாலும் காற்று நேராக டென்ட்டில் அடிக்காது.

ஒரு நாள் காலையில் குளிர்காலம் என்பதே மறந்துபோகிற அளவுக்குச் சூடு. மேட்டு நிலத்திலிருந்து இறங்குகிற காற்று ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி சூடாகும். பக்கத்து சைட் ஊம் (ஆஃப்ரிகான்ஸில் மாமா, பெரியவர்) சட்டையைக் கழற்றிவிட்டு, இறைச்சி சுட பிராய் அடுப்பு மூட்டினார். நான் கயிறுகளைச் சுற்றி வந்தேன். வானிலை எச்சரிக்கை மஞ்சள் 2, குளிர்முகம். நின்று பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

செய்தவை: சுவர்களின் ஜிப் எல்லாம் அடியோடு மூடியாகிவிட்டது, காற்று அடியில் புகுந்தால்தான் தூக்கும். கால்களை ஒரு துளை இறக்கி, கடல் பக்கத்து வெளி மூலையை இன்னும் ஒரு துளை இறக்கினோம், தண்ணீர் அந்த வழியாக ஓடட்டும் என்று. கூரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குளம் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கினால் அது 100 கிலோ. எந்தத் தையலும் அதைத் தாங்காது. கூரை மேல் குறுக்காகப் புயல் நாடா இரண்டு. ஒவ்வொரு கயிற்றின் நடுவிலும் ஸ்பிரிங். ஸ்பிரிங் இல்லாத கயிறு காற்று உதறுகிற ஒவ்வொரு உதறலையும் ஐலெட்டுக்கே கொடுக்கும்.

மத்தியானம் காற்று நின்றது. ஊம் எழுந்து கடலைப் பார்த்தார், சட்டையைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தென்மேற்கு வந்தது. வந்தது என்றால், கதவைத் தட்டாமல் வந்தது. டின் மீன் குழம்பு அடுப்பில் இருந்தது, கேஸை அணைத்துச் சட்டியோடு கேரவனுக்குள் போனோம். ராத்திரி முழுக்க மழை பக்கவாட்டில் அடித்தது. இவர் டார்ச்சோடு கூரை உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடாதீங்க என்று நான் இரண்டு தரம் சொன்னேன், உள்ளிருந்து விரல் பட்டால் அந்த இடத்தில் தண்ணீர் கசிய வழி கிடைத்துவிடும். குளம் கட்டப் பார்த்தபோது துடைப்பக்கட்டை முனையில் துண்டைச் சுற்றி, குழிவின் ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கி வெளியே வழியவிட்டோம்.

விடிந்து பார்த்தால்: கூரைத் தையல் எதிலும் ஒரு சொட்டு இல்லை. மூலைகள் காய்ந்திருந்தன. போனவை வேறு. கடல் பக்கத்தில் புல்லுக்கு அடியில் கல், அங்கே இறங்காத இரண்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் மடிப்பு ஜிப்பின் பல் விட்டிருந்தது. சுவரின் அடியில் தரையோடு கட்டுகிற பழைய ஐலெட் ஒன்று வட்டமாகத் துணியோடு கழன்று போயிருந்தது.

ஆணிக்கு இவர் வைத்தியம்: நீளமான ஆணி அங்கே உதவாது, ஒரே கயிற்றுக்கு இரண்டு ஆணி, ஒன்றின் பின் ஒன்று, இரண்டையும் கயிற்றால் இணைத்து. ஐலெட் என் கையில் வந்தது. மெஷின் இல்லை, குத்தூசி இருந்தது. நாடாத் துண்டை வெளியிலும் ஒட்டுத் துணியை உள்ளேயும் வைத்து, குத்தூசியை உள்ளே இறக்கி, கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் பின்பக்கம் நூல் ஒரு வளையமாக நிற்கும். அந்த வளையத்துக்குள் மற்ற நூல் முனையை விட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்க வேண்டும். முடிச்சு துணியின் நடுவில் போய் உட்கார வேண்டும், எந்தப் பக்கத்திலும் வெளியே தெரியக் கூடாது. சுவருக்கு வெளியே நான், உள்ளே இவர். ஈரத் துணியில் தைப்பது சிரமம், கை விறைத்துப்போனது. ஆனால் நூல் அங்கேயே ஊதிப் பிடித்துக்கொண்டது.

பக்கத்து தான்னி (ஆஃப்ரிகான்ஸில் ஆன்ட்டி) பார்த்துக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தன் டென்ட்டின் கிழிந்த கேடர் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதையும் தைத்தேன். அவர்கள் டென்ட் முழுக்க அந்த யானை அறுக்காத நூல் ரகம்தான். நூல் அப்படியே இருந்தது, அதைச் சுற்றித் துணிதான் வரிசையாகக் கிழிந்திருந்தது. சாயங்காலம் அங்கிருந்து மெல்க்டெர்ட் என்கிற பால் இனிப்பு வந்தது, சூடு பண்ணின டின் மீன் குழம்பு அங்கே போனது. ஊம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார், முகம் சிவந்தாலும் நிறுத்தவில்லை.

ஊர் திரும்பியதும் டென்ட்டை நல்ல தண்ணீரால் மட்டும் அலசி உப்பை எடுத்தோம். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஜிப்பையும் அரிக்கும். டர்பன் காற்றில் ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் கறுப்புப் புள்ளி விழும், அது போகவே போகாது. அதனால் வராண்டாவில் கயிறு கட்டி, திருப்பித் திருப்பிப் போட்டு, மடிப்பு இடுக்கில் விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் பையில் போட்டேன்.

இப்போது மிச்சம் ஜன்னல் ஜிப். உலோகப் பல் வேண்டாம், சுருள் பல் வைத்த பத்தாம் நம்பர் காயில் ஜிப்பே போதும். மீட்டர் கணக்கில் வாங்கி ஸ்லைடர் தனியாகக் கேளுங்கள், மலிவு. மூன்று ஜன்னலுக்கும் வாங்கி வைத்துவிட்டேன். புரட்டாசி விரதம் முடிவதற்குள் மாற்றியாக வேண்டும், ஏனென்றால் இவர் ஏற்கெனவே டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பக்கம் போகிற பேச்சை எடுத்துவிட்டார். அங்கே கோடையில் மத்தியான இடிமழையோடு ஆலங்கட்டி விழும். அதற்குக் கூரைத் துணியின் மேல் இன்னொரு அடுக்கு வேண்டுமா என்று துணித் துண்டுகளைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.